பீஸ் பாக்கி வைத்த பார்ட்னர்ஷிப் நிறுவனம்: நோட்டரி எப்படி வசூலிப்பது?

ஒத்தக்கடை நோட்டரி:

எல்லாருக்கும் வணக்கம். மதுரை ஒத்தக்கடையில நோட்டரியா இருக்கேன், வக்கீல் தொழிலும் பார்க்கிறேன். சொந்த ஆபீஸ், கூட ஒரு டைப்பிஸ்ட் பொண்ணு, அவ்வளவுதான். அதனால வசூல்னு வந்தா நானே போன் பண்ணணும், நானே போய் நிக்கணும்.

விஷயம் இதுதான். மேலூர் ரோட்டுப் பக்கம் மனை பிரிச்சு விற்கிற ஒரு பார்ட்னர்ஷிப் நிறுவனம், மூணு பங்குதாரர்கள். மனை வாங்குறவங்க, நிலம் கொடுக்கிறவங்க எல்லாருக்கும் வேண்டிய பிரமாணப் பத்திரம், உண்மை நகல், ஒப்பந்தம் எழுதுறது எல்லாம் என்கிட்டதான் வரும். "வர்றவங்ககிட்ட காசு வாங்காதீங்க மேடம், எங்க கணக்குல எழுதிக்கங்க, மாசக் கடைசியில முடிச்சுருவோம்"னு சொல்லித்தான் ஆரம்பிச்சாங்க. முதல் வருஷம் சொன்ன வாக்கு மாறலை. 2023 ஆடி மாசத்துல இருந்து இழுக்க ஆரம்பிச்சு, பாதி பாதியா வந்து, 2024 தீபாவளிக்குக் கொடுத்ததுதான் கடைசி. வேலை மட்டும் 2025 வரைக்கும் வந்துச்சு. இப்ப நிக்கிறது 1,46,000 ரூபாய். இதுல என் கைக்காசும் இருக்கு. 2024 மே மாசம் பிரமாணப் பத்திரத்துக்கு முத்திரைத்தாள் 20 ரூபாயில இருந்து 200 ரூபாய் ஆச்சே, அதுக்கப்புறம் எத்தனையோ பேருக்கு நான்தான் தாள் வாங்கி வெச்சேன்.

2025 தை மாசம் ஒரு பங்குதாரர் விலகிட்டார். என்னை அந்த நிறுவனத்துக்குக் கூட்டிட்டு வந்தவர் அவர்தான். இப்ப மீதி ரெண்டு பேரும், "அவர் கொடுத்த வேலை, அவரையே கேளுங்க"ங்கிறாங்க. அவரைக் கேட்டா, "நான்தான் வெளிய வந்துட்டேனே அக்கா, கணக்கெல்லாம் அவங்ககிட்டதான் இருக்கு"ங்கிறார்.

நேத்து ரிஜிஸ்டரை எடுத்து வெச்சுப் பக்கம் பக்கமாப் பார்த்தேன். திருமோகூர்ப் பக்கம் இருந்து வந்த ஒரு பெரியவர் கண்ணுல பட்டார். பத்திரத்துல வெறும் பேரு, ஆதார்ல இனிஷியலோட, பட்டாவுல வேற எழுத்து. மூணும் ஒரே ஆள்தான்னு பிரமாணப் பத்திரம். அதை அவருக்கு வரி வரியாப் படிச்சுக் காட்டி, "ஆமாத்தா, அது நான்தான்"னு அவர் வாயால சொன்ன பிறகுதான் இடது பெருவிரலை மையில வெச்சோம். காட்டு வேலையில தேஞ்ச விரல், ரேகை விழவே இல்லை. துணியால துடைச்சு, மறுபடி உருட்டி வெச்சு எடுத்தோம். தேதி, வரிசை எண், பீஸ் எல்லாம் அந்தப் பக்கத்துல இருக்கு. ரசீதுதான் இன்னும் கிழிக்கலை. இப்படிப் பக்கம் பக்கமா இருக்கு. செஞ்ச வேலை ஒண்ணும் இல்லாமப் போயிடுமான்னு நினைச்சா மனசு ஆறலை.

இன்னொண்ணும் சொல்லணும். போன மாசம் அவங்க மேனேஜர்கிட்ட இருந்து ஒரு வாட்ஸ்அப். "மேடம், 40 அஃபிடவிட் இருக்கு, பார்ட்டி எல்லாம் வெளியூர், வர மாட்டாங்க. சீல் மட்டும் போட்டுக் கொடுங்க. உங்க பழைய பாக்கி 1.46ஐயும் சேர்த்து முடிச்சுக் கொடுக்கச் சொல்லி சார் சொல்லிட்டார்." முடியாதுன்னு உடனே பதில் போட்டுட்டேன். ஆள் என் முன்னாடி வராம, முகம் பார்க்காம சீல் போடுறது இந்த ஜென்மத்துல நடக்காது. அன்னையில இருந்து போனும் எடுக்கிறதில்லை.

எழுத்து மூலமா ஒப்பந்தம் கிடையாது. ரிஜிஸ்டர், மாசாமாசம் அனுப்பின பில், வாட்ஸ்அப் மெசேஜ் இதுதான் கையில இருக்கு. இதை வெச்சு எங்க போறது, யார் மேல போறது, முதல்ல எதைச் செய்யறது? அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

தெப்பக்குளம் ஜூனியர்:

அக்கா, அவங்க பேப்பர் ஏதாவது உங்க ஆபீஸ்ல இருக்கா? இருந்தா கொடுக்காதீங்க. மனை வாங்கின ஆளு ரெண்டு பேரு அவங்க ஆபீஸ் வாசல்ல போய் சத்தம் போட்டா பணம் தானா வரும்.

வைகைக்கரை வக்கீல்:

தம்பி சொன்னதைத் தயவுசெய்து செய்துவிடாதீர்கள். பீஸ் பாக்கிக்காகக் கட்சிக்காரரின் வழக்குக் கட்டுகளைப் பிடித்து வைக்க வழக்கறிஞருக்கு உரிமை இல்லை என்று 2000-ல் ஆர்.டி. சக்சேனா வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. அங்கே பீஸ் தராத ஒரு வங்கியின் கட்டுகளை வழக்கறிஞர் திருப்பித் தரவில்லை. கடைசியில் ஒழுங்கு நடவடிக்கை அவர் மேல்தான் வந்தது. உங்கள் விஷயத்தில் இன்னும் மோசம். அந்தத் தாள்கள் நிறுவனத்துடையவைகூட இல்லை, ஊர்க்காரர்களுடையவை. கடன்பட்டவர் ஒருவர், தவிப்பவர் இன்னொருவர் என்று ஆகிவிடும்.

சீல் விஷயத்தில் நீங்கள் செய்ததுதான் சரி. வராத ஆள் வந்ததாகச் சான்று கொடுத்தால், நோட்டரிகள் சட்டம் 1952-ன் 10-ஆம் பிரிவின்படி பதிவேட்டிலிருந்து பெயரையே நீக்கலாம். ஆனால் அந்த மெசேஜை அழித்துவிடாதீர்கள். என்ன எழுதியிருக்கிறார்கள் என்று இன்னொரு முறை பாருங்கள். "உங்க பழைய பாக்கி 1.46." கடன் உண்டு, தொகை இவ்வளவு என்று அவர்களே எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். போனை மாற்றாதீர்கள், ரீசெட் செய்யாதீர்கள். நாளைக்கு அதை நீதிமன்றத்தில் வைக்க, பாரதிய சாக்ஷ்ய அதினியம் 63-ஆம் பிரிவுச் சான்றிதழ் வேண்டும். பழைய சாட்சியச் சட்டத்தில் 65-பி என்று இருந்ததுதான்.

இனி பில். இதுவரை அனுப்பியவற்றில் எல்லாவற்றையும் சேர்த்து "நோட்டரி சார்ஜ்" என்று ஒரே வரியாகப் போட்டிருந்தால், கணக்கை இப்போதே பிரித்து எழுதுங்கள். நோட்டரி விதிகள் 1956-ல் விதி 10 எந்தச் செயலுக்கு எவ்வளவு வாங்கலாம் என்று நிர்ணயித்திருக்கிறது. அந்தப் பட்டியலை அலுவலகத்துக்கு உள்ளேயும் வெளியேயும் தெரியும்படி வைக்க வேண்டும் என்றும் சொல்கிறது. எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் எடுப்பது அதைத்தான். "விதியில் உள்ளதைவிட அதிகம் கேட்கிறார்" என்று ஒரே வரியில் முழுக் கணக்கையும் சந்தேகத்துக்கு உள்ளாக்கிவிடுவார். ஆகவே நோட்டரி கட்டணம் விதிப்படி ஒரு தனித் தலைப்பு. ஆவணம் எழுதியதற்கான பீஸ் வழக்கறிஞராக நீங்கள் செய்த வேலை, அது தனி. முத்திரைத்தாள், நோட்டரி ஸ்டாம்ப் ஆகியவை நீங்கள் கையிலிருந்து போட்டது, அது தனி. அவர்களுடைய சைட் ஆபீசுக்குப் போய்ச் செய்தவை இருந்தால் பயணப்படியும் விதியிலேயே இருக்கிறது. ஒவ்வொரு வரிக்கும் எதிரே ரிஜிஸ்டர் வரிசை எண்ணைப் போடுங்கள். முத்திரைத்தாளின் பின்புறம் விற்பனையாளர் யார் பெயர், என்ன தேதி என்று எழுதியிருப்பார், நகல் இருந்தால் அதையும் சேருங்கள்.

வழக்குப் போடுவதற்கான காலவரம்புதான் எனக்குக் கவலை தருகிறது. பணம் தர நாள் குறிக்காமல் செய்த வேலைக்கு, வேலை முடிந்த நாளிலிருந்து மூன்று ஆண்டு. 2023 ஆகஸ்டில் செய்த வேலைக்கு 2026 ஆகஸ்டோடு சரி. ஒவ்வொரு ஆவணத்துக்கும் கடிகாரம் தனித்தனியாக ஓடுகிறது. இதில் உங்களுக்குச் சாதகமான ஒன்று உண்டு. அவ்வப்போது கொடுத்த பாதிப் பணத்தை எந்தப் பில்லுக்கு என்று அவர்கள் சொல்லிக் கொடுத்தார்களா? சொல்லவில்லை என்றால், ஒப்பந்தச் சட்டம் 60-ஆம் பிரிவின்படி அதை எந்தப் பாக்கியில் வரவு வைப்பது என்பது உங்கள் விருப்பம். பழைய பில்லில் வரவு வையுங்கள். முதலில் அடிபடப் போகிற பாக்கி அங்கேயே தீரும், நிற்பது புதிய பாக்கியாக இருக்கும்.

பிரிந்துபோன பங்குதாரர் பற்றிய பேச்சுக்குச் சட்டத்தில் இடமே இல்லை. கூட்டாண்மைச் சட்டம் 1932, 25-ஆம் பிரிவின்படி நிறுவனத்தின் கடனுக்கு ஒவ்வொரு பங்குதாரரும் சேர்ந்தும் பொறுப்பு, தனித்தும் பொறுப்பு. அவர் இருந்த காலத்து வேலைக்கு அவரும் பொறுப்பு, இவர்களும் பொறுப்பு. அவர் விலகியதைப் பொது அறிவிப்பாகக் கொடுக்கவில்லை என்றால், அதற்குப் பிந்தைய வேலைக்கும் அவரை இழுக்கலாம். பங்குதாரர் என்று தெரிந்துதானே நீங்கள் வேலை செய்தீர்கள். மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் நிறுவனப் பதிவேட்டின் நகல் கேளுங்கள். யார் யார், எந்தத் தேதியில் சேர்ந்தார், விலகினார் என்று அதில் தெரியும்.

திருமங்கலம் ஆடிட்டர்:

மேடம், வக்கீல் சார் எல்லாம் சொல்லிட்டார், நான் என் பக்கத்து விஷயம் ஒண்ணு சொல்றேன். இன்னைக்கே இன்கம்டாக்ஸ் சைட்ல போய் உங்க 26ஏஎஸ் (உங்க பேர்ல யார் எவ்வளவு வரி பிடிச்சுக் கட்டியிருக்காங்கன்னு காட்டுற அறிக்கை) எடுத்துப் பாருங்க.

ஏன்னா, உங்க பில் போன 2023-24, 2024-25 வருஷங்கள்ல, பார்ட்னர்ஷிப் நிறுவனம் ஒரு வக்கீலுக்கு வருஷத்துல 30,000 ரூபாய்க்கு மேல பீஸ் போட்டா, அப்ப இருந்த வருமான வரிச் சட்டம் 194ஜே படி 10 சதவீதம் டிடிஎஸ் (கொடுக்கிறவங்களே பிடிச்சு அரசுக்குக் கட்டுற வரி) பிடிக்கணும். 2025 ஏப்ரல்ல இருந்துதான் அந்த வரம்பு 50,000 ஆச்சு. பணம் கையில கொடுத்தாத்தான் பிடிக்கணும்னு இல்லை. அவங்க புத்தகத்துல உங்க பேருக்கு வரவு வெச்சாலே பிடிக்கணும், ரெண்டுல எது முந்தியோ அது. மனை நிறுவனம் செலவைக் காட்டி லாபத்தைக் குறைக்கத்தான் பார்க்கும். உங்க பில்லைச் செலவாப் போட்டிருப்பாங்க, ஆடிட்டர் டிடிஎஸ் கட்டச் சொல்லியிருப்பார். அப்படி நடந்திருந்தா, உங்களுக்குக் கொடுக்காத பணத்துக்கு உங்க பேர்ல வரி கட்டியிருப்பாங்க. "வேலையே கொடுக்கலை"ன்னு அதுக்கப்புறம் வாய் திறக்க முடியாது.

இன்னொண்ணு, மார்ச் 31 தேதிக்கு பாலன்ஸ் கன்ஃபர்மேஷன் கேட்டு ஒரு லெட்டர் அனுப்புங்க. நோட்டீஸ் மாதிரி மிரட்டலா எழுத வேண்டாம். "எங்கள் கணக்கின்படி தங்களிடமிருந்து வரவேண்டியது இவ்வளவு, சரிபார்த்துக் கையொப்பமிட்டு அனுப்பவும்"னு சாதாரணமா. இது எல்லா ஆபீஸ்லயும் நடக்கிற விஷயம்ங்கறதால அக்கவுன்டன்ட் யோசிக்காம சீல் வெச்சு பங்குதாரர்கிட்ட கையெழுத்து வாங்கி அனுப்பிருவார்.

வைகைக்கரை வக்கீல்:

ஆடிட்டர் சொன்ன அந்தக் கடிதத்தை நான் வழிமொழிகிறேன். மூன்று ஆண்டு முடிவதற்குள் கடனை ஒப்புக்கொண்டு எழுத்தில் கையெழுத்துப் போட்டால், காலவரம்புச் சட்டம் 18-ஆம் பிரிவின்படி அந்தத் தேதியிலிருந்து புதிதாக மூன்று ஆண்டு கிடைக்கும். வாட்ஸ்அப் மெசேஜ் கடனை நிரூபிக்க உதவும். காலத்தை நீட்டிக்க அதை மட்டும் நம்ப வேண்டாம், கையெழுத்து வாங்குங்கள்.

ஒத்தக்கடை நோட்டரி:

ஆடிட்டர் சார், உங்களுக்கு ரொம்ப நன்றி. 26ஏஎஸ் பார்த்தேன். 2024-25-ல அவங்க பேர்ல என் கணக்குக்கு 88,000 ரூபாய் வரவு காட்டி, 8,800 டிடிஎஸ் கட்டியிருக்காங்க. அந்த வருஷம் முழுக்க என் கைக்கு வந்தது 20,000 ரூபாய். ரெண்டு பேரும் போன்ல "அப்படி ஒண்ணும் பெரிய வேலை நடக்கலையேம்மா"ன்னு சொன்னது காதுலயே இருக்கு. அவங்க புத்தகத்துல என் வேலை செலவா ஏறியிருக்கு, எனக்குக் கொடுக்கும்போது மட்டும் அது நடக்காத வேலையா?

வக்கீல் சார், கணக்கைப் பிரிச்சு எழுத உட்கார்ந்துட்டேன். பாதிப் பணம் கொடுத்தப்ப எந்தப் பில்லுக்குன்னு அவங்க ஒரு தடவைகூடச் சொல்லலை. அதனால நீங்க சொன்ன மாதிரி பழசுல வரவு வெச்சுப் பார்த்தேன். நிக்கிற பாக்கி எல்லாமே 2024, 2025 வேலைக்குன்னு வந்துருது. இது ஒண்ணே எனக்குப் பெரிய தெம்பு.

தெப்பக்குளம் தம்பிக்கு: என்கிட்ட அவங்க பேப்பர் எதுவும் இல்லை தம்பி. இருந்தாலும் கொடுத்துருவேன். அந்தத் திருமோகூர்ப் பெரியவர் என் ஆபீசுக்கு வந்து நின்னு, "ஏந்தாயி, என் பேப்பரை ஏன் தர மாட்டேங்குற"ன்னு கேட்டா அவருக்கு என்ன பதில் சொல்லுவேன்? அவர் எனக்குக் கடன்காரர் இல்லை.

இப்ப என் கேள்வி: கையெழுத்து போட்டுத் தரலைன்னா நேரா கேஸ்தானா? சிவில் கோர்ட்டுக்குப் போனா எத்தனை வருஷமோ.

மேலூர் நோட்டரி:

தங்கச்சி, நானும் உன்னை மாதிரி நோட்டரிதான், கொஞ்சம் வயசு கூட. எனக்கும் ஒரு பைனான்ஸ்காரங்ககிட்ட இதே கதை நடந்துச்சு. கேசுக்கு முன்னாடி மக்கள் நீதிமன்றத்தை ஒருதரம் பாரு. வழக்கே போடாம, வழக்குக்கு முந்தைய மனுவா மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுல கொடுக்கலாம். எங்க ஊர்ல வட்டக் குழுவுல கொடுத்தேன். கோர்ட் பீஸ் கிடையாது. அவங்களுக்கு நோட்டீஸ் போகும். நாம அனுப்புற நோட்டீசைக் குப்பையில போடுறவன், சட்டப் பணிகள் குழு முத்திரையோட வந்தா வக்கீலைப் பார்க்க ஓடுறான். என் ஆளு வந்தான், தவணை கேட்டான், ஒத்துக்கிட்டேன்.

அங்க சமரசமாகி அவார்டு போட்டா அது கோர்ட் டிகிரிக்கு, அதாவது தீர்ப்பாணைக்குச் சமம், அப்பீல் கிடையாது. தவணை தவறினா நேரா நிறைவேற்று மனு போடலாம். ஆனா ஒண்ணு, எதிராளி வரலைன்னாலும் ஒத்துக்கலைன்னாலும் அங்க யாரும் கட்டாயப்படுத்த முடியாது. அப்புறம் சிவில் கோர்ட்தான். நம்ம மாநிலத்துல கோர்ட் பீஸ் 2017-ல ஏழரை சதவீதத்துல இருந்து 3 சதவீதமாக் குறைஞ்சுருச்சு, உன் தொகைக்கு அது தாங்கும். பயந்துக்கிட்டு விட்டுறாத.

நோட்டீஸ் அனுப்பும்போது மூணு பேருக்கும் தனித்தனியா அனுப்பு, நிறுவனத்துக்கு ஒண்ணு. விலகுனவரை விட்டுறாத. அவர் நல்லவராகூட இருக்கலாம், ஆனா அவருக்கு நோட்டீஸ் போனாத்தான் மத்த ரெண்டு பேருக்கும் போன் போடுவாரு. பதிவுத் தபால் 2025-ல ஸ்பீட் போஸ்ட்டோட சேர்ந்துருச்சு, அதனால ஸ்பீட் போஸ்ட்ல டெலிவரி அத்தாட்சி கேட்டு அனுப்பு. மேனேஜர் பேருக்கு அனுப்பி ஒரு பிரயோசனமும் இல்லை.

வைகைக்கரை வக்கீல்:

அண்ணன் சொன்னதோடு இரண்டு. நோட்டீசில் "இந்தத் தேதியிலிருந்து வட்டியும் கோரப்படும்" என்று ஒரு வரி கட்டாயம் எழுதுங்கள். வட்டி பற்றி ஒப்பந்தம் இல்லாதபோது, அந்த எழுத்து மூலமான அறிவிப்புத் தேதியிலிருந்துதான் வட்டிச் சட்டம் 1978 உங்களுக்கு உதவும். அந்த வரி இல்லாமல் அனுப்பினால் அத்தனை மாத வட்டியும் போய்விடும்.

இரண்டாவது, வழக்கு என்று வந்தால் வேறொரு வழக்கறிஞரை வையுங்கள். ரிஜிஸ்டரை எடுத்துக்கொண்டு சாட்சிக் கூண்டில் ஏறப் போவது நீங்கள். சாட்சியே கவுன் போட்டு வாதாடுவது முறையல்ல. வழக்கு நிறுவனத்தின் பெயரிலேயே போடலாம், பங்குதாரர்களையும் சேர்க்கலாம்.

சமரசத்தில் செக் தருகிறேன் என்பார்கள். வாங்குங்கள், ஆனால் தேதியும் தொகையும் அவர்கள் கையாலேயே நிரப்பி வாங்குங்கள். திரும்பினால், வங்கி தகவல் தந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் நோட்டீஸ், அது கிடைத்து 15 நாளில் பணம் வராவிட்டால் அடுத்த ஒரு மாதத்துக்குள் செக் திரும்பிய குற்றத்துக்கான மாற்றுமுறை ஆவணச் சட்டம் 138-ஆம் பிரிவின் கீழ் புகார். அவர்கள் எந்த ஊர் வங்கிச் செக் தந்தாலும், உங்கள் கணக்கு இருக்கும் கிளை மதுரையில் இருப்பதால் வழக்கு இங்கேதான் நடக்கும்.

ஒத்தக்கடை நோட்டரி:

அண்ணே, உங்க வார்த்தையே பாதி பலம். அக்கவுன்டன்ட்டுக்கு பாலன்ஸ் லெட்டர் இன்னைக்குத் தபால்ல போயிருச்சு, பிரிச்சு எழுதின கணக்கும் ரிஜிஸ்டர் எண்ணும் இணைச்சிருக்கேன். மாவட்டப் பதிவாளர் ஆபீஸ்ல நிறுவனப் பதிவேட்டு நகலுக்கு மனு கொடுத்தாச்சு. ரெண்டு வாரம் பார்ப்பேன், கையெழுத்து வந்தாலும் வராட்டியும் நாலு நோட்டீசும் கிளம்பும், வட்டி வரியோட. விலகின தம்பிகிட்ட முன்கூட்டியே போன்ல சொல்லிட்டேன், உங்க பேருக்கும் வரும்னு. முதல்ல கோவிச்சுக்கிட்டார், அப்புறம் "வரட்டும்க்கா, அவங்க கணக்கு முடிக்காம என்னையும்தான் இழுத்தடிக்கிறாங்க"ன்னார். தான் விலகினப்ப எழுதின பத்திரத்துல கடன் பட்டியல் இருக்காம், அதுல என் பேரும் இருக்காம். நகல் தர்றேன்னு சொல்லியிருக்கார். அதை வாங்க நாளைக்குக் காலையில மாட்டுத்தாவணி போறேன்.